துளையில்லாத பயறு

2015 ஜூன் மாதம் ஐரோப்பிய ஒன்றியம் நைஜீரியாவிலிருந்து வரும் உலர்பயறு இறக்குமதியை நிறுத்திவைத்தது. ஐரோப்பிய எல்லையில் சோதிக்கப்பட்ட மூட்டைகளில் டைக்குளோர்வாஸ் என்ற பூச்சிக்கொல்லியின் எச்சம் திரும்பத் திரும்ப அகப்பட்டதுதான் காரணம். அங்கே கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பிடிபட்ட சரக்கிலோ 0.03 முதல் 4.6 மில்லிகிராம் வரை இருந்தது. வரம்பைப் போல் மூன்று மடங்கில் தொடங்கி 460 மடங்கு வரை. ஓராண்டுக்கு என்று வந்த தடை 2016இல் மேலும் மூன்றாண்டுகளுக்கு நீண்டது, அந்தக் கெடு முடிந்த பிறகும் விலகவில்லை. நைஜீரியாவில் இதைப் பற்றி எழுந்த பேச்செல்லாம் அந்நியச் செலாவணி இழப்பு, நாட்டுக்கு ஏற்பட்ட தலைகுனிவு என்றே போயிற்று. கணக்கைப் பார்த்தால் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. உலகத்திலேயே தட்டைப்பயறு மிக அதிகமாக விளைவதும் அந்த நாட்டில், அதை மிக அதிகமாக உண்பவர்களும் அந்த நாட்டு மக்கள். விளைச்சலில் கடல் தாண்டுவது சொற்பம். அந்தச் சொற்பத்தைச் சோதித்துத் திருப்பி அனுப்ப ஐரோப்பாவில் ஓர் ஏற்பாடு இருந்தது. மிச்சமிருந்த பெரும்பங்கை லாகோஸ் சந்தையில் படியளந்து வாங்கிப்போனவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

தட்டைப்பயறு என்றும் காராமணி என்றும் நம்மூரில் சொல்கிறோமே, அதே பயறுதான் இது. ஆப்பிரிக்காவில் பிறந்து, மிகப் பழங்காலத்திலேயே இந்தியா வந்து சேர்ந்த பயிர். நைஜீரியாவில் இது வடக்கே போர்னோ, கானோ, கட்சினா, சொகோட்டோ, பவுச்சி போன்ற வறண்ட மாநிலங்களில் சோளத்துக்கும் கம்புக்கும் இடையில் ஊடுபயிராக விளைகிறது. மழை ஓய்ந்ததும், அக்டோபர், நவம்பரில் அறுவடை. கானோ நகரை ஒட்டிய தவனாவ், மேற்கு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய தானியச் சந்தைகளில் ஒன்று; அங்கே சேரும் மூட்டைகள் லாரியேறி ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து லாகோஸ், இபதான் போன்ற தெற்கத்தி நகரங்களை அடைகின்றன. அங்கே பயறில்லாத நாள் கிடையாது. ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து எண்ணெயில் பொரித்தால் அகாரா. பார்த்தால் நம் வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதே மாவை இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்தால் மொய் மொய். குழைய வேகவைத்து மசித்து, கறுக்க வதக்கிய மிளகாய்க் குழம்பை மேலே ஊற்றித் தெருவோரம் விற்பது எவா அகோயின். நூறு கிராம் பயறில் கிட்டத்தட்ட கால் பங்கு புரதம். மீனும் இறைச்சியும் தினமும் வாங்க முடியாத வீட்டில் குழந்தைகளை வளர்ப்பது இந்தப் பயறுதான். ஆகவே இதில் கலக்கும் நஞ்சை எப்போதாவது உண்ணும் ஒரு பண்டத்தில் இருக்கும் நஞ்சைப் போல எடைபோட முடியாது.

அறுவடையின்போது விலை தரைமட்டத்தில் கிடக்கும். அடுத்த ஆண்டு ஜூன், ஜூலைக்குள் நன்றாக ஏறிவிடும். அதுவரை மூட்டையைக் கட்டிக்காக்க முடிந்தவருக்குத்தான் ஆதாயம். அந்த ஏழெட்டு மாதத்துக்குள் பயறுக்கு வரும் எதிரி, மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு வண்டு. நம் வீட்டுத் தட்டைப்பயறையும் பாசிப்பயறையும் உளுத்துப்போகச் செய்யும் அதே பயறு வண்டு. இதன் வாழ்க்கை விசித்திரமானது. சேமிப்பிலிருக்கும் பயறை, வளர்ந்த வண்டு கடிப்பதே இல்லை. பெண் வண்டு பயறின் தோலில் முட்டைகளை ஒட்டவைத்துவிட்டுப் போகிறது. ஒரு வண்டு நூறு முட்டை வரை இடும். முட்டையிலிருந்து வரும் புழு நேராக உள்ளே துளைத்துப் போய், பருப்பைத் தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி, வட்டமாக ஒரு கதவு வெட்டிக்கொண்டு வெளியே வருகிறது. வெப்பமான ஊரில் இதற்கு மூன்று முதல் ஐந்து வாரம் போதும். வயலில் காய் காயும்போதே சில முட்டைகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன. களத்தில் சுத்தமாகத் தெரிந்த மூட்டைக்குள் ஒன்று நூறாகி, நூறு ஆயிரங்களாக, மூன்று தலைமுறை தாண்ட வேண்டியதில்லை. சில மாதம் கழித்துப் பிரித்தால் பாதி மாவாகக் கொட்டும்.

சந்தைக்கு வருபவர் கையில் ஒரு பிடி அள்ளிப் பார்க்கிறார். துளை தெரிந்தால் விலையைக் குறைக்கிறார், நிறையத் தெரிந்தால் நகர்ந்துவிடுகிறார். இதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. துளை விழுந்த பயறு எடை குறைந்தது, கசப்பேறியது, உள்ளே புழு இருக்கக் கூடியது. ஆனால் அந்தப் பிடிப் பயறின் மீது ஏதாவது தெளிக்கப்பட்டிருக்கிறதா என்று அவர் கண்ணால் பார்த்தோ பல்லால் கடித்தோ அறிய முடியாது. என் வாதம் முழுவதும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. கண்ணுக்குத் தெரியும் குறைக்கு அந்தச் சந்தை உடனுக்குடன் அபராதம் போடுகிறது. தெரியாத குறைக்கு எதுவும் போடுவதில்லை. அப்படிப்பட்ட சந்தையில் தெரியும் குறையைப் போக்க, தெரியாத குறையைச் சேர்த்துவிடுவது வியாபாரிக்கு நட்டமில்லாத வழியாகிவிடுகிறது. அவரைப் பேராசைக்காரர் என்று திட்டுவதும், படிப்பறிவில்லாதவர் என்று இரங்குவதும் எளிது. இரண்டுமே நோயின் பெயரைத் தவறாகச் சொல்வதுதான்.

டைக்குளோர்வாஸ் அவருக்கு ஏன் இவ்வளவு பொருத்தமாக அமைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இது ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சு. நரம்புக்கும் தசைக்கும் இடையே செய்தி சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை, வேலை முடிந்ததும் உடைத்து அப்புறப்படுத்தும் நொதி ஒன்று உடலில் உண்டு. இந்த நஞ்சு அந்த நொதியை முடக்கிவிடுகிறது. செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்க, பூச்சி துடித்துச் சாகிறது. மனித உடலிலும் அதே நொதிதான், அதே வேலைதான். அளவு கூடினால் கண்மணி சுருங்கும், எச்சிலும் வியர்வையும் ஊற்றும், மூச்சு திணறும். உலக சுகாதார நிறுவனம் இதை மிகுந்த ஆபத்துள்ள பூச்சிக்கொல்லிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்ற வகையில் சேர்த்திருக்கிறது. வியாபாரி பக்கமிருந்து பார்த்தால் இதற்கு நல்ல குணங்கள் பல: எளிதில் ஆவியாகும், மூட்டைக்குள் ஊடுருவும், வண்டு கண் முன்னே விழும், கறை கிடையாது, விலை மலிவு. நைஜீரியாவில் ‘ஸ்னைப்பர்’ என்ற வணிகப் பெயரில் சிறிய குப்பிகளில் பெட்டிக்கடை வரை கிடைத்தது. கரப்பானுக்கும் கொசுவுக்கும் வாங்கிவைத்த குப்பி பயறு மூட்டைக்கும் திரும்பியது. இப்படிப்பட்ட மருந்தைச் சேமிப்புக் கிடங்கில் பயன்படுத்தும் முறையே, காலியான கிடங்கின் சுவரிலும் தரையிலும் அடித்து, பூட்டிவைத்து, காற்றாட விட்டபின் மூட்டைகளை அடுக்குவது. உண்ணப்போகும் பயறின் மேலேயே நேராக, அளக்காமல் தெளிப்பது அதில் இல்லை. 2018இல் அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு, சில்லறை வியாபாரிகள் பயறு கெடாமலிருக்க இதைத் தெளிக்கிறார்கள் என்று மக்களை வெளிப்படையாகவே எச்சரித்தது.

இங்கே ஒரு மறுப்பு வரும், அது வலுவானது. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது நஞ்சியல் அறிஞர்கள் உட்கார்ந்து இதுவரை பாதுகாப்பு, இதற்குமேல் ஆபத்து என்று கணித்த எல்லையா? இல்லை. ஐரோப்பியச் சட்டத்தில் ஒரு பயிருக்கும் ஒரு பூச்சிக்கொல்லிக்கும் தனி வரம்பு வகுக்கப்படாவிட்டால் தானாகப் பொருந்தும் பொது வரம்பு அது. ஆய்வகக் கருவி நம்பகமாக அளக்கக்கூடிய அளவை ஒட்டி வைத்தது. கோதுமைக்கும் அரிசிக்கும் பன்னாட்டு உணவு விதித் தொகுப்பான கோடெக்ஸ், இதே டைக்குளோர்வாஸ் 7 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. அப்படியிருக்க, பணக்கார நாடுகள் உணவுப் பாதுகாப்பு என்ற பெயரில் ஏழை நாட்டுச் சரக்குக்குக் கதவடைக்கின்றன என்ற குற்றச்சாட்டைக் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும். வரம்பைத் தாண்டியது என்பதும் உடலுக்குக் கெடுதல் செய்யும் என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்தும் செய்திகள் நம் பத்திரிகைகளிலும் குறைவில்லை.

அதனால் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு நாளில் நூறு கிராம் பயறு உண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிடிபட்டதில் ஆகக் குறைந்த 0.03 மில்லிகிராம் எச்சமுள்ள பயறு என்றால், அவர் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.05 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. வாழ்நாள் முழுக்க நாள்தோறும் உண்டாலும் பாதகமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் கடுமையான அளவு 0.08 மைக்ரோகிராம். அதற்கும் இது கீழே. அந்த மூட்டை சட்டப்படி திருப்பி அனுப்ப வேண்டியது. உண்டவருக்கு ஒன்றும் ஆகாது. மறுபக்கம் 4.6 மில்லிகிராம் இருந்த பயறைப் பாருங்கள். அதே நூறு கிராமில் உடல் எடை கிலோவுக்கு 7.7 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு இந்த விஷயத்தில் ஐரோப்பியரைவிட மிகவும் தாராளமானது. அது வகுத்த அன்றாட அளவே 4 மைக்ரோகிராம்தான். தாராளமான அளவுகோலைக் கொண்டு பார்த்தாலும் கிட்டத்தட்ட இரு மடங்கு. பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தை ஐம்பது கிராம் உண்டால் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒரே வேளையில் நேரக்கூடிய பாதிப்புக்கு அதே குழு வைத்த எல்லை 100 மைக்ரோகிராம் என்பதால், ஒருமுறை உண்டதும் யாரும் மயங்கி விழப்போவதில்லை. கவலை தினமும் உண்பதைப் பற்றியது. இரு அமைப்புகளின் அளவுகளுக்கும் இடையே இவ்வளவு இடைவெளி ஏன் என்றால், ஐரோப்பியர் தங்களிடம் தரப்பட்ட ஆய்வுக் கோப்பே தரக்குறைவானது, மரபணுவைப் பாதிக்குமா, புற்றுநோய் உண்டாக்குமா என்ற ஐயம் தீரவில்லை என்று சொல்லி 2007இல் இந்த மருந்துக்கு அனுமதியே மறுத்துவிட்டார்கள். தெரியாததைப் பாதுகாப்பானது என்று எழுதிவைக்க அவர்கள் தயாரில்லை.

இந்தக் கணக்கில் எனக்குப் பெரிதாகப் படுவது 0.03க்கும் 4.6க்கும் நடுவில் இருக்கும் நூற்றைம்பது மடங்கு வித்தியாசம். பொருள் ஒன்றே, நாடும் ஒன்றே; மூட்டைக்கு மூட்டை இவ்வளவு ஏற்றத்தாழ்வு. அளந்து ஊற்றுபவர் கையில் இப்படி ஆகாது. முந்தைய கை தெளித்ததை அறியாமல் அடுத்த கையும் தெளித்தால் ஆகும். மூடியைத் திறந்து மனம்போலச் சாய்த்தால் ஆகும். தெளித்த மறுநாளே ஏற்றிவிட்டாலும் ஆகும். டைக்குளோர்வாஸ் நாளாக நாளாகச் சிதைவது. இரண்டு மாதத்துக்கு முன் தெளித்த மூட்டைக்கும் நேற்றுத் தெளித்த மூட்டைக்கும் எச்சம் வெகுவாக வேறுபடும். ஐரோப்பிய வரம்பு நியாயமா என்று வாதாடிக்கொண்டிருப்பதில் பொருள் இல்லாமல் போவது இதனால்தான். வரம்பை 0.01 என்று வைத்தாலும் சரி, பத்து மடங்கு தளர்த்தினாலும் சரி, தன் மூட்டை எந்தப் பக்கம் விழும் என்று விற்பவருக்கே தெரியாது. மேலும் இது ஐரோப்பியருக்கு மட்டும் உள்ள கண்டிப்பும் இல்லை. தனி வரம்பு இல்லாத இடத்தில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பொதுவாக வைத்திருப்பதும் அதே 0.01தான்.

இன்னொரு மறுப்பு சமையலறையிலிருந்து வருவது. ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, தோலைக் களைந்து, ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தபின் என்ன மிஞ்சப்போகிறது? டைக்குளோர்வாஸைப் பொறுத்தவரை இதில் உண்மை நிறையவே இருக்கிறது. அது தண்ணீரில் கரையும், வெந்நீரில் விரைவாகச் சிதையும், ஆவியோடும் போய்விடும். மேலே போட்ட கணக்கு பச்சைப் பயறுக்கானது; தட்டில் விழும்போது அளவு பெரிதும் குறைந்திருக்கும். ஆகவே ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைப்பது நல்ல பழக்கம், எந்த ஊரிலும். ஆனால் அந்தச் சமாதானம் தெளித்தது டைக்குளோர்வாஸ் ஒன்றே என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. 2008இல் கோம்பே மாநிலத்தில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் பயறு உணவு உண்ட நூற்றுக்கும் மேற்பட்ட மாணவியரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தது. பரிசோதனையில் அகப்பட்டது லிண்டேன். கோகோ மரங்களைத் தாக்கும் பூச்சிகளுக்கென்று வெகுகாலம் விற்கப்பட்ட ஆர்கனோகுளோரின் நஞ்சு அது. கொழுப்பில் கரைந்து உடலில் தங்குவது, கொதிக்கவைத்தாலும் எளிதில் விட்டுப்போகாதது. மறு ஆண்டே ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதை உலக அளவில் ஒழிக்க வேண்டிய நஞ்சுகளில் சேர்த்தது. எந்தக் குப்பி கைக்கு எட்டுகிறதோ அதை ஊற்றும் இடத்தில், ஒரு நஞ்சின் குணத்தை மட்டும் படித்துவைத்துச் சமையலை நம்பியிருக்க முடியாது. இதில் யாரும் கணக்கில் எடுக்காத ஒருவரும் இருக்கிறார்: காற்றோட்டமில்லாத கடையில், முகத்தில் துணிகூட இல்லாமல் தெளித்துவிட்டு, நாள் முழுவதும் அந்த மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் வியாபாரி. எளிதில் ஆவியாகும் நஞ்சு முதலில் போய்ச் சேர்வது அவர் நுரையீரலுக்கு. வேகவைத்தால் போய்விடும் என்ற ஆறுதல் அவருக்கு உதவாது.

தடை செய்துவிட்டால் தீர்ந்ததே என்பார்கள். செய்துதான் பார்த்தார்கள். 2008 நிகழ்வுகளுக்குப் பின் நாஃப்டாக் எனப்படும் நைஜீரியாவின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டு முகமை முப்பது வேளாண் இரசாயனப் பொருட்களுக்குத் தடை விதித்தது. 2019இல், 100 மில்லியும் அதற்குக் குறைவுமான டைக்குளோர்வாஸ் குப்பிகளைச் சந்தைகளிலும் பல்பொருள் அங்காடிகளிலும் விற்கக் கூடாது என்றது. அந்தக் குப்பிகளைக் குடித்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் எண்ணிக்கை கூடிவந்ததும் அதற்கு ஒரு பெரிய காரணம். அந்தக் காரணத்துக்காகவே அந்தத் தடை சரியானது. இந்தியாவும் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட ஆணையின்படி, 2020 டிசம்பர் 31 முதல் டைக்குளோர்வாஸை நிறுத்தியது. இவற்றை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பயறு மூட்டைக்கு இதனால் என்ன ஆகிறது என்பது தனிக் கேள்வி. சிறு குப்பி இல்லையென்றால் பெரிய கேனிலிருந்து பிரித்து ஊற்றிக்கொள்ளலாம். டைக்குளோர்வாஸ் இல்லையென்றால் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. அது வெளிவிடும் பாஸ்பீன் வாயுவைக் காற்றுப்புகாத அறையில், பயிற்சி பெற்றவர் அளவோடு பயன்படுத்தி, பின் காற்றாட விட்டால் எச்சம் மிகக் குறைவாகவே தங்கும். உலகமெங்கும் தானியக் கிடங்குகள் அதை நம்பித்தான் நடக்கின்றன. ஓட்டைச் சாக்குக்குள் நான்கு மாத்திரையைப் போட்டு, வீட்டின் பக்கத்து அறையில் வைத்தால் அதுவே தூங்குகிறவர்களைக் கொல்லும். வண்டு தரும் நட்டம் அப்படியே இருக்க ஒரு மருந்தை மட்டும் எடுத்துவிட்டால், அந்த இடம் காலியாக இருப்பதில்லை.

அப்படியானால் வண்டையே நஞ்சில்லாமல் நிறுத்த முடியுமா? முடியும், பல வழிகளும் பல பத்தாண்டுகளாகத் தெரிந்தவை. இபதானில் 1967இல் தொடங்கிய பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தின் ஆய்வில், கிலோவுக்கு 5 மில்லி நிலக்கடலை எண்ணெய் புரட்டிவைத்தாலே ஆறு மாதம் வரை பயறு தப்பியது; தோலில் ஒட்டிய முட்டை பொரிவதில்லை. கறுப்பு விரிப்பின் மேல் பயறைப் பரப்பி, கண்ணாடித்தாள் போன்ற நெகிழி கொண்டு மூடி, வெயிலில் 57 டிகிரி செல்சியஸ் வரை ஒரு மணி நேரம் சூடேற்றினால் உள்ளே இருக்கும் புழு உட்பட எல்லாம் சாகும். தமிழ்நாட்டில் துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்து அடுக்கும் வழக்கமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இவையெல்லாம் ஒரு குடும்பத்தின் ஆண்டுத் தேவைக்குப் போதும். லாரிக்கணக்கில் மூட்டை நகரும் சந்தைக்குப் போதாது. எண்ணெய் புரட்டிய பயறு கறுத்துத் தெரியும், மண் பூசியதைக் கழுவ வேண்டும். வாங்குபவர் கண் மறுபடியும் குறுக்கே வந்து நிற்கும்.

அந்த அளவுக்கு ஈடுகொடுக்கக்கூடியதாக வந்தது, அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகப் பூச்சியியலாளர் லாரி மர்டாக்கும் அவர் குழுவினரும் 1980களின் இறுதியில் கேமரூன் நாட்டு விவசாயிகளிடையே செய்த பணியில் உருவான பை. பிக்ஸ் பை என்கிறார்கள். தடித்த பாலித்தீன் உறை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. வெளியே வழக்கமான நெய்த சாக்கு. பயறைக் கொட்டி, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒவ்வோர் உறையின் வாயையும் முறுக்கிக் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வண்டும் புழுவும் மூச்சுவிட்டே ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. குறைந்ததும் புழு தின்பதை நிறுத்துகிறது. அதன்பின் அது சாவது மூச்சடைத்து அல்ல, தாகத்தால். காய்ந்த பயறுக்குள் வாழும் புழுவுக்குக் குடிக்க ஒரு சொட்டு நீர் கிடையாது. தின்றதைச் செரிக்கும்போது உடலுக்குள் உண்டாகும் நீரை வைத்தே பிழைக்கிறது. அந்த வேதிமாற்றத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். அது நின்றதும் உலர்ந்து போகிறது. பூச்சியின் உடலியலைப் படித்து அதன் பலவீனத்தின் மேல் கைவைத்த இந்த வேலையை, எந்தப் புது நஞ்சின் கண்டுபிடிப்பையும்விட உயர்வாக நான் மதிக்கிறேன். 2007க்குப் பிறகு இந்தப் பை கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியோடு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் பரவலாகக் கொண்டுசெல்லப்பட்டது, கானோவிலேயே தயாராகிறது.

2019இல் நைஜீரியா அனுமதித்த மரபணு மாற்றப்பட்ட தட்டைப்பயறைச் சிலர் தீர்வாகக் காட்டுவதுண்டு. அது வயலில் காயைத் துளைக்கும் புழுவுக்கு எதிரானது. வயலில் மருந்தடிப்பைக் குறைக்கும். மூட்டைக்குள் வரும் வண்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பை இருக்க, நஞ்சு ஏன் நிற்கவில்லை? சில்லறைக் கடையில் மூட்டையைத் தினமும் திறக்க வேண்டுமே, திறந்த பைக்குள் ஆக்சிஜன் புகுந்துவிடுமே என்று காரணம் சொல்வார்கள். வண்டின் நாட்காட்டியைப் பார்த்தால் இந்தக் காரணம் நிற்காது. முட்டை வண்டாக மூன்று வாரமாவது வேண்டும். மூடியபடியே வந்த மூட்டையை ஒரு கடைக்காரர் ஒரு வாரத்தில் விற்றுத் தீர்த்துவிட்டால் அவர் எதையும் தெளிக்கத் தேவையே இல்லை. அவர் தெளிப்பது, அவரிடம் வந்து சேரும்போதே மூட்டை உயிரோடு அசைவதால். ஆகவே தவறு கடையில் தெரிகிறது, தொடங்குவது அதற்கு ஆறு மாதம் முன்பு, வடக்கே. அங்கே விவசாயிக்கோ முதல் தரகருக்கோ சாதாரணச் சாக்கைவிட ஓரிரு டாலர் கூடுதலாகக் கொடுத்து இந்தப் பையை வாங்க வேண்டியிருக்கிறது. தனக்காக வைத்துக்கொள்ளும் பயறு என்றால் வாங்குகிறார், பலர் வாங்கியும் இருக்கிறார்கள். விற்கும் பயறுக்கு வாங்கினால் போட்ட காசு திரும்பி வர வழியில்லை. நஞ்சில்லாமல் காத்த துளையில்லாத பயறும், நஞ்சு தெளித்துக் காத்த துளையில்லாத பயறும் தவனாவ் சந்தையில் அக்கம்பக்கமாக ஒரே விலைக்குப் போகின்றன. ஒரு குப்பி நஞ்சின் விலையைப் பல மூட்டைகளுக்குப் பங்கிட்டால் வருவது சில்லறைக் காசு. இந்தப் போட்டியில் பை தோற்பதில் வியப்பில்லை.

இதைச் சரிசெய்ய ஒவ்வொரு படிப் பயறையும் ஆய்வகத்துக்கு அனுப்ப முடியாது; அப்படிச் செய்யும் வசதி எந்த நாட்டிலும் இல்லை. ஐரோப்பாவும் எல்லா மூட்டையையும் சோதிக்கவில்லை. சிலவற்றைச் சோதித்தது, அகப்பட்டால் மொத்தச் சரக்குக்கும் வழியை அடைத்தது. பயம் வேலை செய்ய அந்த அளவு போதும், ஆனால் அந்தப் பயத்தை உண்டாக்க மொத்தமாக வாங்கும் ஒரு கை வேண்டும். கைப்பிடி அள்ளிப் பார்க்கும் கோடிக்கணக்கான சில்லறை வாங்குபவர்களால் அது ஆகாது. நைஜீரிய அரசே அப்படிப்பட்ட ஒரு கை. 2016இல் அது அரசுத் தொடக்கப் பள்ளிகளில் உள்ளூர் விளைபொருளைக் கொண்டு மதிய உணவு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பயறு அதில் முக்கியமான பண்டம். இராணுவம், சிறை, அரசுக் கையிருப்புக் கிடங்கு என்று அரசுப் பணத்தில் வாங்கப்படும் பயறு இன்னும் உண்டு. அறுவடைக் களத்திலேயே மூடிய பையில் வரும் பயறைத்தான் வாங்குவோம், அதற்கு மூட்டைக்கு இவ்வளவு கூடுதல் தருவோம், எடுத்தவாக்கில் சிலவற்றைச் சோதிப்போம், எச்சம் இருந்தால் அந்தத் தரகரிடம் அடுத்த பருவம் வாங்க மாட்டோம் என்று ஓர் ஒப்பந்தம் போட்டால், தடை ஆணைகள் செய்யாததை அது செய்யக்கூடும். விலையை உயர்த்தி ஏழையின் வயிற்றில் அடிப்பதாகாதா என்று கேட்கலாம். நூறு கிலோ பயறுக்கான பை இரண்டு மூன்று டாலர். கவனமாகக் கையாண்டால் இரண்டு மூன்று பருவத்துக்கு வரும். வண்டு தின்னாமல் மிஞ்சும் பயறின் மதிப்பு பல நேரம் அந்தத் தொகையைத் தாண்டிவிடும். பருவத்தின் தொடக்கத்திலேயே, கையில் காசில்லாத விவசாயியிடம், அந்த முதல் இரண்டு டாலரை யார் முன்பணமாகக் கொடுப்பது என்பதுதான் தீராமல் நிற்கும் இடம். ஏற்றுமதித் தடையை நீக்கக் கோரி எழுதப்பட்ட மனுக்களைவிட அந்த இரண்டு டாலருக்கு வழி செய்வது நைஜீரியர்களின் தட்டுக்கு நெருக்கமான வேலை.